மலைக்கோட்டை, 1,912 பீஸ்

2025 ஜூன் 10, செவ்வாய்

பக்ரீத் முடிந்து மூன்று நாள் ஆகிறது. மச்சான் சட்டையில் இன்னும் உப்புத் தோல் வாடை. வருஷத்தில் இந்த ஒரு வாரம் தோல் மண்டிதான் அவருக்கு வீடு; நான் கட்டிக்கொண்ட இஷாக்கைப் பார்க்கவே முடியாது.

ஆபீஸில் நாள் முழுக்க ஒரு கல்யாண மண்டபத்தின் மாடிப்படி வரைந்தேன். இன்ஜினியருக்குத் திருப்தி இல்லை. சாயங்காலம் வந்து என் கட்டைகளோடு உட்கார்ந்தபிறகுதான் தலைவலி விட்டது. முப்பத்தொன்பது வயதுப் பொம்பளை பிளாஸ்டிக் கட்டை அடுக்குகிறாள் என்று நாத்தனார் சிரிக்கட்டும்.

கட்டை அடுக்குகிறவர்களுக்கான எங்கள் வாட்ஸப் குரூப்பில் இன்று சண்டை. அறுபத்து மூன்று பேர், எல்லாரும் வளர்ந்தவர்கள், வேலை வெட்டி உள்ளவர்கள். செட் விலை பீஸ் ஒன்றுக்கு எட்டு ரூபாய்க்கு மேல் போனால் கொள்ளை என்றார் ஒருவர். நான் எழுதினேன்: "பீஸ் கணக்கே ஏமாற்று. மேலே ஒரே குமிழ் உள்ள குட்டிப் பீஸை உளுந்து மாதிரி நானூறு அள்ளிப் போட்டால் எண்ணிக்கை ஏறும், கோட்டை ஏறாது." அட்மின் முகேஷ்குமார், "அக்கா சொன்னா அப்பீல் இல்ல" என்று போட்டான். மதுரைப் பையன். யூட்யூபில் கட்டை செட்டுகளை விமர்சனம் செய்கிறவன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

அது என் கோட்டை.

 தேதியோடு எழுதி வைக்கிறேன்.

கோயம்புத்தூர் கம்பெனி ஒன்று "பெரியவர்களுக்கான முதல் தமிழ்நாட்டு செட்" என்று அறிவித்திருக்கிறது. திண்டுக்கல் மலைக்கோட்டை. 1,912 பீஸ். 14,999 ரூபாய். வடிவமைப்பு: முகேஷ்குமார்.

இரண்டு வருஷம் மொட்டை மாடியிலிருந்து அந்தப் பாறையைப் பார்த்துப் பார்த்துக் கட்டியது நான். பாறைச் சரிவுக்காகக் கட்டைகளைப் பக்கவாட்டில் படுக்கவைத்து அடுக்கும் முறை பிடிபட ஏழு மாதம் ஆனது. போன நவம்பரில் மதுரையில் குரூப் கூடியபோது, "ஃபைலக் குடுங்கக்கா, சும்மா பாத்துட்டுத் தாரேன்" என்றான். கம்ப்யூட்டரில் வரைந்து வைத்திருந்ததைக் கொடுத்தேன். தெற்குச் சுவரில் பீரங்கித் துவாரம் ஒன்றை நான் தவறுதலாக ஒரு குமிழ் தள்ளி வைத்திருந்தேன். அவன் படத்திலும் ஒரு குமிழ் தள்ளித்தான் இருக்கிறது. திருட்டுப் பயலுக்கு என் தப்பைத் திருத்தக்கூடத் தெரியவில்லை.

ஜூன் 23, திங்கள்

போன் செய்தேன்.

"கோட்டை என்ன உங்க வீட்டுச் சொத்தாக்கா? ஆயிரம் பேரு போட்டோ எடுக்குறான்."

"கோட்டை பொதுதான் தம்பி. அந்தச் சரிவைச் சாய்ச்சுக் கட்டுன விதம் யாரோடது?"

 "கம்பெனிக்காரங்க நாலு பேருக்குத் தெரிஞ்ச ஆளு வேணும்னாங்க. எனக்கு நாப்பதாயிரம் பேரு பாக்குறாங்க. நீங்க வீட்ல சும்மா பொழுதுபோக்குக்குத்தானே பண்றீங்க? வேணும்னா செட்டோட வர்ற புக்குக் கடைசியில நன்றின்னு உங்க பேரப் போடச் சொல்றேன்."

சும்மாவாம். பொழுதுபோக்காம்.

நன்றியாம்ல நன்றி! வச்சிருக்கேன்டா உனக்கு.

ஜூன் 27, வெள்ளி

கம்பெனிக்கு என் ஃபைல், தேதி, போட்டோ எல்லாம் இணைத்து எழுதியிருந்தேன். நாலு வரி பதில். "எங்கள் செட் மீது தாங்கள் காட்டும் ஆர்வத்துக்கு நன்றி."

ஜூலை 15, செவ்வாய்

செட் வந்துவிட்டது. முழு விலை கொடுத்து வாங்கினேன், என் சம்பளத்தில்.

மச்சான் பாக்ஸைத் தூக்கிப் பார்த்தார். "திருடுன பயலுக்கே காசையும் குடுத்து வாங்கிருக்கியே, உனக்கென்ன கிறுக்கா?"

"தோலை உரிக்கணும்னா முதல்ல ஆட்ட வாங்கணும்ல மச்சான்."

சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

ஜூலை 20, ஞாயிறு

ஐந்து நாளில் கட்டி முடித்தேன். ஒவ்வொரு குறையைக் காணும்போதும் அல்வா தின்ற மாதிரி இருந்தது. பாக்ஸில் பாதிக்கு மேல் காற்று. மச்சானின் தராசில் வைத்தேன். பீஸ் எல்லாம் சேர்ந்தும் ஒன்றரைக் கிலோ வரவில்லை. ஒற்றைக் குமிழ்ப் பீஸ் நானூற்றுப் பன்னிரண்டு, என் கையால் எண்ணினேன். அச்சடித்த பீஸ் ஒன்றுகூட இல்லை, எல்லாம் ஸ்டிக்கர், நாற்பத்தாறு. பாறைக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிறவனை என்ன சொல்ல? பின்பக்கம் திருப்பினால் ஒன்றுமே கிடையாது, பொக்கை. என் கோட்டைக்கு நாலு பக்கமும் முகம் இருந்தது. அதில் ஒன்றை வெட்டி லாபத்தில் போட்டுவிட்டார்கள்.

நியாயமாக ஒன்றையும் எழுதிவிடுகிறேன். வாசல் சுவர் உறுதி. என்னுடையதில் அது எப்போதும் ஆடும், எவ்வளவோ முயன்றும் என்னால் நிறுத்த முடியவில்லை. இதில் பின்னால் இரண்டு நீளப் பட்டைகளைக் குறுக்கே கொடுத்து யாரோ இறுக்கியிருக்கிறார்கள். அழகான யோசனை. முகேஷுக்கு இந்த மூளை கிடையாது. யார்?

ஜூலை 26, சனி

முதல் வீடியோ போட்டேன். முகம் காட்டவில்லை, கை மட்டும். தராசு, ஸ்டிக்கர் தாள், பொக்கை முதுகு. திருட்டைப் பற்றி ஒரு சொல் இல்லை. வயிற்றெரிச்சல் என்று சொல்லிவிடுவார்கள்.

ஆயிரத்து நூறு பேர் பார்த்தார்கள். "யாருப்பா இந்த அக்கா, வெங்காயம் உரிக்கிற மாதிரி உரிக்குது" என்று ஒருவர்.

ஆகஸ்ட் 2, சனி

முகேஷ் பதில் வீடியோ போட்டுவிட்டான். "வெளிநாட்டு செட்டுன்னா முப்பதாயிரம் குடுத்து வாயைப் பொத்திக்கிட்டு வாங்குவீங்க. நம்ம ஊருக்காரன் பண்ணா மட்டும் தராசத் தூக்குவீங்களா?" எண்பதாயிரம் பேர் பார்த்திருக்கிறார்கள். குரூப்பில் எல்லாரும் கைதட்டல். என் ஆட்களும்தான்.

உண்மையைச் சொன்னேன். உண்மை போதவில்லை. ஸ்டிக்கரைப் பார்த்து எவன் பதறுவான்? ஏதாவது விழ வேண்டும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

விழவைத்தேன்.

வாசல் சுவரின் பின்னால் இருந்த இரண்டு பட்டைகளையும் கழற்றி டீ டம்ளரில் போட்டேன். பிறகு கேமராவை வைத்து, "பதினஞ்சாயிரம் ரூபாய்க் கோட்டை எம்புட்டு உறுதின்னு பாப்போம்" என்று சொல்லி ஒரு விரலால் தொட்டேன். இரண்டு தடவை பாதிதான் சரிந்தது. மூன்றாவது தடவை மொத்தமாக, மேசையிலிருந்து தரை வரைக்கும்.

தப்புதான். தெரியும். அந்தச் சத்தத்தை இன்னொரு தடவை போட்டுக் கேட்டேன்.

ஆகஸ்ட் 7, வியாழன்

மூன்று லட்சம் பேர்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

அடுத்த லாட்டுக்கு முன்பணம் கட்டியவர்கள் எல்லாரும் திருப்பிக் கேட்கிறார்கள். வீடியோவில் குரலைக் கேட்டுக் கண்டுபிடித்துவிட்டான் போல, முகேஷிடமிருந்து ஆறு அழைப்பு. எடுக்கவில்லை. ஒரு குரல் செய்தி: "அக்கா, உங்களுக்கு என்னதான் வேணும்? சொல்லுங்கக்கா." 'அக்கா' என்கிற இடத்தில் குரல் உடைகிறது. பதினோரு தடவை கேட்டிருப்பேன். எனக்கு வேண்டியது அதுதான்டா தம்பி.

ஆகஸ்ட் 18, திங்கள்

கம்பெனி விற்பனையை நிறுத்திவிட்டது. அவர்கள் பக்கத்தில் முகேஷ் படத்தையும் காணோம். அரைக் கிலோ கறி எடுத்துக் குழம்பு வைத்தேன். "இன்னைக்கு என்னா விசேஷம்?" என்றார் மச்சான். ஒன்றுமில்லை என்றேன். ரொம்ப நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 29, வெள்ளி

தெரியாத எண்ணிலிருந்து செய்தி. அப்படியே எடுத்து எழுதுகிறேன்.

"வணக்கம் அக்கா. என் பேரு பிரிஸ்கில்லா, ஊரு நிலக்கோட்டை. முகேஷ் சார்ட்ட உங்க நம்பர் வாங்குனேன். அந்த செட்டோட வழிகாட்டி புக்குல படம் வரைஞ்சது நான்தான். எண்பத்தேழாம் பக்கத்துல சுவருக்குப் பின்னாடி ரெண்டு பட்டை வரும். உங்க வீடியோல ஆறாவது நிமிஷம் சுவத்தோட பின்பக்கம் ஒரு செகண்டு தெரியுது. அதுல பட்டை ரெண்டும் இல்ல. புக்கு புரியாமத்தான் சுவரு விழுந்துச்சுன்னு சொல்லி கம்பெனில என்னைய நிப்பாட்டிட்டாங்க. போட மறந்துட்டீங்களா அக்கா?"

மறந்துட்டீங்களா. ஏசியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை ஏசியிருப்பேன். நான் தப்பிக்க ஒரு வழி விட்டுக் கேட்கிறாள்.

ஆகஸ்ட் 30, சனி

மச்சானிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மீசையைத் தடவிக்கொண்டார்.

"மறந்துட்டேன்னு சொல்லிரு. அந்தப் புள்ளைக்கும் வேலை கிடைக்கும், உனக்கும் கெட்ட பேரு வராது."

"நானா மறந்தேன்? அந்தச் சுவத்த நாப்பது தடவ கட்டிருக்கேன் மச்சான். புக்கப் பாத்துக் கட்டத் தெரியாதவளாம்னு ஊரே சிரிக்கும்."

"அப்ப பொய்க்காரின்னு சிரிக்கட்டும்ங்கிறியா?"

 ஆமாம், சிரிக்கட்டும். கட்டத் தெரியாதவள் என்பதைவிட அது பரவாயில்லை. இது நல்ல புத்தியா, திமிரா? திமிர்தான்.

வாயை மூடிக்கொண்டிருந்தால் என்ன? எவனும் கேட்கப் போவதில்லை. அந்தப் பெண் இனிமேல் எழுதவும் மாட்டாள், அவள் எழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. முகேஷ் குப்புற விழுந்தவன் விழுந்தபடியே கிடப்பான். உண்மையைச் சொல்லிவிட்டால் கோட்டை என்னுடையது என்று பிறகு சத்தியம் செய்தாலும் யார் நம்புவார்கள்?

செப்டம்பர் 1, திங்கள்

பிரிஸ்கில்லாவுக்குப் போன் செய்தேன். இருபத்து நாலு, இருபத்தைந்து வயதுக் குரல். பின்னால் மிக்ஸி ஓடிக்கொண்டிருந்தது.

"முகேஷ் சார் குடுத்த ஃபைல்ல அந்தச் சுவரு ஆடுச்சுக்கா. மூணு நாளு யோசிச்சுத்தான் அந்தப் பட்டையப் போட்டேன். மத்தபடி அந்த மாதிரி ஒரு வேலைய நான் பாத்ததே இல்ல. அந்தப் பாறை இருக்குல்ல... அது சாரு கட்டுனது இல்லன்னு எனக்கு அப்பவே தோணுச்சு. கேட்டா மழுப்புவாரு. யாரு கட்டுனாங்களோ, அவங்களை ஒரு தடவ பாக்கணும்க்கா."

அது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். எந்த வாயால் சொல்வேன்? "நான் மறக்கலம்மா. வேணும்னுதான் கழட்டுனேன்" என்று மட்டும் சொன்னேன்.

மிக்ஸி நின்றது. "ஏன்க்கா?" என்றாள்.

போனை வைத்துவிட்டேன்.

செப்டம்பர் 6, சனி

வீடியோ போட்டாயிற்று. நாலு நிமிஷம். இரண்டு பட்டைகளையும் மேசையில் வைத்து, இவற்றை நான்தான் கழற்றினேன் என்றேன். புத்தகத்தின் எண்பத்தேழாம் பக்கத்தைக் காட்டினேன், அதன்படியே போட்டேன், கையை விரித்து வைத்துத் தள்ளினேன். சுவர் அசையவில்லை. படம் வரைந்தவர் பெயர் பிரிஸ்கில்லா, அவர் மேல் ஒரு குற்றமும் இல்லை என்றேன். ஸ்டிக்கர், பொக்கை முதுகு, காற்று, விலை பற்றிச் சொன்னதில் ஒரு எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன் என்றும் சொன்னேன்.

கோட்டை யாருடையது என்று சொல்லவில்லை.

செப்டம்பர் 8, திங்கள்

"அட்மின் உங்களை நீக்கினார்." ஆறு வருஷக் குரூப்.

முகேஷ் சிரித்துக்கொண்டே ஒரு வீடியோ போட்டிருக்கிறான். தலைப்பு 'பொய்க்கார அக்கா'. நான் கேட்டு வாங்கின பேர்தானே. ஆபீஸில் இன்ஜினியரும் பார்த்து, குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்துவிட்டார். "நம்ம ஸ்டிரக்சர் டிராயிங்ல எல்லாம் ஒண்ணும் கழட்டலயேம்மா?" என்றார். விளையாட்டாகத்தான் கேட்டார் என்று நினைக்கிறேன்.

செப்டம்பர் 20, சனி

பிரிஸ்கில்லாவைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்களாம். ஒரு வரி அனுப்பியிருந்தாள்: "வேலைக்குப் போறேன் அக்கா." வேறொன்றும் இல்லை. நன்றி என்று போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு அவமானமாக இருந்திருக்கும்.

அக்டோபர் 11, சனி

மழை. கட்டைப் பெட்டியைத் திறக்கவே இல்லை. முகேஷை நினைத்தால் இப்போதும் பல்லைக் கடிக்கிறேன்.

நவம்பர் 16, ஞாயிறு

இரண்டாம் பதிப்பு வந்திருக்கிறது. 9,499. வாங்கினேன். மச்சான் இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை, சாயங்காலம் பக்கத்தில் வந்து உட்கார்ந்து பைகளைக் கிழித்துக் கொடுத்தார்.

பாக்ஸ் சின்னது. ஸ்டிக்கர் கிடையாது, எல்லாம் அச்சு. பீஸ் 1,640தான், அள்ளிப் போட்ட உளுந்தெல்லாம் போய்விட்டது. திருப்பிப் பார்த்தேன். முதுகு இருந்தது. நான் கட்டியது போலவே நாலு பக்கமும் பாறை. தராசில் வைத்துக் காட்டியதை எல்லாம் ஒன்று விடாமல் சரிசெய்திருக்கிறார்கள். பாக்ஸ் மேல் அவன் பெயர். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் பிரிஸ்கில்லா பெயர். நான் எங்கும் இல்லை.

இரண்டு தடவை தேடினேன், குறை ஒன்றும் அகப்படவில்லை.

நாலாவது வீடியோ எடுத்தேன், ஒன்றரை நிமிஷம். முதல் தடவையாக முகத்தைக் காட்டினேன். "நல்லா இருக்கு, விலையும் சரி. வாங்கலாம்." நாக்கு கசந்தது. இருந்தாலும் கட்டையைப் பற்றி இன்னொரு பொய் சொல்ல எனக்கு வராது.

பத்து நிமிஷத்தில் முகேஷ் வாட்ஸப்பில் தூக்கிய கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பினான்.

அவனை பிளாக் செய்துவிட்டு விளக்கை அணைத்தேன்.