கடைசிக்கு முந்தின வரி

நிலா கண்ணு,

இதை உன் டிபன் பாக்ஸ் மூடிக்குள் வைக்கிறேன். பெருங்குடி ஆபீஸில் சாப்பிட உட்காரும்போது படி. வார்டில் அப்பா முன்னால் பேச முடியாது. வீட்டில் பேசினால் நீ என்னைப் பேசவிட மாட்டாய்.

ஆபரேஷன் செய்தால் பிழைப்பாரா என்று நேற்றுக் கேட்டோம். டாக்டர் 'ஸ்லிம் சான்ஸ்' என்றார். நீ என் பக்கம் திரும்பி, "சான்ஸ் கீதுன்னு சொல்றாரும்மா" என்றாய். நான் தலையாட்டினேன்.

நான் பெருக்கித் துடைக்கிற தி. நகர் ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸில் ஒரு சார்ட் மாட்டியிருக்கிறார்கள். ஒரு காரியம் நடக்குமா நடக்காதா என்பதை இங்கிலீஷில் சொல்லும் விதங்கள், பக்கத்திலேயே தமிழும் இருக்கும். மேலே 'ஹைலி லைக்லி'. அதற்குக் கீழே 'குட் சான்ஸ்'. 'ஸ்லிம் சான்ஸ்' கடைசிக்கு முந்தின வரி, பக்கத்தில் 'நடப்பது அரிது' என்று இருக்கும். இரண்டு வருஷமாக அதைத் துடைக்கிறேன்.

உன் மேல் கோபம் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இருக்கிறது.

ஆனால் நீ சொன்னதையே நானும் உள்ளே போய் அப்பாவிடம் சொன்னேன். "அப்ப ஊட்டுக்குப் போனதும் வஞ்சிரம் வறுத்துக் குடு" என்றார். சரி என்றேன்.

நாளைக் காலை ஆபரேஷனுக்குக் கையெழுத்து கேட்பார்கள். போடுவதா, அவரை வீட்டுக்குக் கூட்டி வருவதா என்று நான்தான் சொல்ல வேண்டும். டாக்டர் பேசும்போது என் கையைப் பிடித்துக்கொண்டு நில். எனக்குத் தமிழில் மாற்றி மட்டும் சொல்லாதே.

அம்மா