அக்காவின் ஐந்து கட்டை

முடிச்சூர்
10.3.2026, இரவு

அன்புள்ள ஜாஸ்மின் அக்காவுக்கு,

ரேஷ்மா எழுதுகிறேன். மாதா புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். நீயும் தயாளன் மாமாவும் சுகமா? போனை அப்பா தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்குகிறார். அதனால் சமையலறை விளக்கடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்து வீட்டுக் கங்கம்மா அக்கா உங்கள் பக்கம்தான் வேலைக்குப் போகிறார். அவரிடம் கொடுத்தனுப்புவேன்.

இந்த வருஷம் மாதா கோயில் மைதானத்தில் பெரிய வெள்ளிக்குப் போடும் பாஸ்கா நாடகத்தில், நீ கட்டிய மாதா வேஷம் எனக்கு. சிலுவையிலிருந்து இறக்கிய மகனை மடியில் கிடத்திப் பாடும் புலம்பல்தான் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. அப்பா ஆர்மோனியத்தில் கை வைத்ததும் ஐந்து கட்டையில் ஆரம்பிக்கிறார். அது உன் சுருதி. எனக்கு நாலுக்கு மேல் ஏறாது, குரல் கிழிகிறது. "இன்னாடி, தொண்டையில முள்ளு மாட்டிக்கினியா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். யூதாஸ் வேஷம் கட்டும் லாசரஸ் அண்ணன், "மாதா இப்டிக் கத்துனா நான் காட்டிக் குடுக்காமலே ஓடிடுவேன்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

இது அக்கா சுருதி என்று சொல்லிவிடலாம். ஆனால் நீ மாமாவோடு போன பிறகு உன் பேரை யாரும் எடுக்கக்கூடாது என்பது அப்பா உத்தரவு. எனக்குப் பயமாக இருக்கிறது. பெரிய வெள்ளியன்று ஊரே வந்து உட்காரும். நான் என்ன செய்ய?

உன் தங்கை
ரேஷ்மா


திருமுடிவாக்கம்
14.3.2026

என் செல்ல ரேஷ்மாவுக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்ததில் சோறு குழைந்துவிட்டது. வெல்டிங் பட்டறையிலிருந்து வந்த மாமா அதையே சாப்பிட்டார்.

அப்பா வேண்டுமென்றே செய்யவில்லை. அவர் விரல் பழக்கத்தில் போய் உட்காரும் இடம் அது. கேட்டால் இறக்கித் தருவார். என் பேரை எடுக்காதே. "எனக்கு நாலு வைங்கப்பா" என்று மட்டும் சொல்.

பெரிய வெள்ளியன்று ஜெனரேட்டர் பக்கம் இருட்டில் நின்று, நீ பாடுவதைக் கேட்டுவிட்டுப் போய்விடுவேன். அப்பா கண்ணில் பட மாட்டேன். அம்மாவிடம்கூடச் சொல்லாதே.

அக்கா


முடிச்சூர்
22.3.2026, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ சொன்னபடி சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "அப்பா, அது ஜாஸ்மின் அக்கா சுருதி. எனக்கு எட்டல" என்று வந்துவிட்டது. லாசரஸ் அண்ணன்கூட இந்தத் தடவை கிண்டல் செய்யவில்லை. அப்பா துருத்தியில் இருந்து கையை எடுத்துவிட்டு ஆர்மோனியத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அடிக்கப்போகிறார் என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இத்தினி நாளா சொல்றதுக்கு இன்னா?" என்றார். அவ்வளவுதான். பிறகு "இதுவா? இது?" என்று கேட்டுக் கேட்டு இறக்கினார். நாலில் முழுப் பாட்டையும் பாடிவிட்டேன் அக்கா.

வரும்போது வண்டி ஓட்டிக்கொண்டே, திரும்பாமல் பேசினார். "ராவுல வெளக்கப் போட்டுக்கினு நீ எழுதறது எனுக்குத் தெரியும்." நான் பின்கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். "அடுத்த வாட்டி எழுதுறப்போ இதையும் எழுது. சிலுவையடியில நிக்க இன்னொரு பொம்பள வேணும், ஆள் கெடைக்கல. குருத்து ஞாயிறு சாயங்காலம் ஒத்திகை கீது."

வாசலில் வண்டியை நிறுத்திச் சாவியை எடுக்கும்போதுதான் அடுத்ததைச் சொன்னார்.

"சிலுவைய நிக்க வெக்கிற இரும்புத் தாங்கல் வேற ஆடுது. அந்தப் புள்ள வெல்டிங் வேலதான செய்யுது? கூட இட்டுக்கினு வரச் சொல்லு."

சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன்.

ரேஷ்மா