அல்பாக்காவுக்கு ஒரு வீடு

வெள்ளவத்தை, 2007

அன்புத் தங்கச்சி,

ஹெந்தளைப் பண்ணை முதலாளி கனடா போகையில், கொழும்பிலேயே நான்தான் கெட்டிக்காரன் என்று, வீடு பார்த்துக் கொடுக்கச் சொல்லித் தன் அல்பாக்காவை என்னிடம் ஒப்படைத்தார். ஒட்டகத்துக்கும் செம்மறிக்கும் பிறந்ததுபோல் ஒரு மிருகம். காமதேனுவின் ஒன்றுவிட்ட தங்கை என்று நான் அளந்துவிட்டதில், கொட்டாஞ்சேனை ஏகப்பன் ஆரத்தி எடுத்தே கூட்டிப்போனார்.

அங்கே அது மகனின் அறைவாசலில் நின்று முனகியதாம். அந்தக் கிழமையே நம்பர் பிளேட் இல்லாத வெள்ளை வான் ஒன்றில் வந்து பொடியனைக் கடத்திக்கொண்டு போய்விட்டார்கள். ஜிந்துப்பிட்டியில் கொடுத்த வீட்டிலும் அப்படித்தான். “அண்ணை, கும்பிட்டுக் கேக்கிறன், இதைக் கொண்டு போங்கோ” என்று அந்தத் தாய் அழுதாள்.

இப்போது என்னோடுதான் நிற்கிறது. யானையை அடக்கியவனுக்கு இதெல்லாம் ஒரு பயமா?

காலையில் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்து, என்னோடு தங்கியிருக்கும் உன் மகன் படிக்கும் அறைவாசலில் நிற்கிறது. அவனை நாளைக்கே விமானம் ஏற்றிவிடுவேன், எனக்குத் தெரியாத ஆளா! அதன் மூஞ்சியை இடக்கையால் பொத்திக்கொண்டுதான் எழுதுகிறேன். சத்தமில்லை. ஆனால் என் உள்ளங்கை அதிர்கிறது.

உன் அண்ணன்