பார் மூடும் நாட்கள்

செப்டம்பர் 1, திங்கள்

ஆபீஸ் ஏசி மறுபடியும் ஒழுகுகிறது. கீழே வாளி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். கிளப்பில் நானூறு உறுப்பினர்கள். ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள், மெக்கானிக்கைக் கூப்பிட மட்டும் ஒருவருக்கும் வாய் வராது.

அன்பரசனுக்கு இன்றைய இண்டர்வியூவும் போச்சு. சொல்லி அனுப்புகிறோம் என்றார்களாம். ஆறு மாதமாக எல்லாரும் சொல்லி அனுப்பிக்கொண்டுதான் இருக்கிறார்கள். வீட்டில் இப்போது சம்பளம் வருகிற விசா என்னுடையது ஒன்றுதான். அவரும் மகள் பானுப்பிரியாவும் அதில்தான் தொங்குகிறார்கள். நவம்பரில் புதுப்பிக்க வேண்டும். கிளப் கையெழுத்துப் போட்டால் இங்கே வளைகுடாவில் இருப்போம். இல்லையென்றால் பத்தாவது படிக்கிற பெண்ணைப் பாதியில் இழுத்துக்கொண்டு ஊருக்குப் போக வேண்டியதுதான்.

மதியம் பார் கார்மேகம் அண்ணன் வந்தார். பார் மூடும் நாட்கள் பட்டியல் ஃபிரிட்ஜ் ஈரத்தில் ஊறிக் கரைந்துவிட்டதாம். நாலாவது வரை படித்தவர், தமிழ் மட்டும் எழுத்துக் கூட்டிப் படிப்பார். அதனால் வருடா வருடம் நான்தான் எழுதிக் கொடுக்கிறேன். சுவரில் தொங்கும் ஊர் நகைக்கடை தினசரி காலண்டரைப் புரட்டி, மிச்சமிருக்கும் நாட்களைப் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். "தங்கச்சி எழுத்து அச்சு மாதிரி இருக்கு" என்றார். இந்த வருடம் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு.

செப்டம்பர் 4, வியாழன்

இன்று இங்கே மிலாடி நபி, லீவு. காலையில் வெங்கட்ராமன் சார் போன். கிளப் செக்ரட்டரி லீவு நாளில் கூப்பிட்டால் நல்ல செய்தியாக இருக்குமா?

நேற்று சாயங்காலம் இரண்டு பேர் பாரில் உட்கார்ந்து பீர் கேட்டிருக்கிறார்கள். கார்மேகம் அண்ணன் ஊற்றி வைத்ததும் நகராட்சிக்காரர்கள் என்று பலதியா கார்டை எடுத்து நீட்டிவிட்டார்கள். பண்டிகைக்கு முந்தின நாள் பொழுது சாய்ந்ததிலிருந்தே பார் மூடியிருக்க வேண்டும், லைசென்ஸில் அப்படித்தான் இருக்கிறது. அண்ணன், நாளைக்குத்தான் சாப், நாளைக்குத்தான் என்று கடைசிவரை வாதாடினாராம்.

போனை வைத்துவிட்டு வீட்டுக் காலண்டரைப் பார்த்தேன். அதே நகைக்கடைக் காலண்டர். மிலாடி நபி, ஐந்தாம் தேதி, வெள்ளி.

அடிப்பாவி. ஊர்ப் பிறைக்கும் இந்த ஊர்ப் பிறைக்கும் ஒரு நாள் வித்தியாசம் வருமென்று பதினோரு வருஷமா தெரியாதா உனக்கு? நோன்புக்கும் பெருநாளுக்கும் ஒன்றுக்கு நாலு தடவை பார்க்கிறவள்தானே? பலதியா சுற்றறிக்கை ஆகஸ்ட் 27 அன்றே மெயிலில் வந்திருக்கிறது. திறந்து பார்த்ததும் நான்தான். மிலாடி நபி என்று கண்ணில் பட்டதும், அதுதான் தெரியுமே என்று மூடிவிட்டேன். பெயரைப் பார்த்தேன், தேதியைப் பார்க்கவில்லை.

செப்டம்பர் 5, வெள்ளி

காலண்டரில் இன்றைய தாளைக் கிழிக்கவில்லை. கை வரவில்லை.

செப்டம்பர் 7, ஞாயிறு

வெங்கட்ராமன் சாரிடம் சொல்லிவிட்டேன். தப்பு என்னுடையது, அண்ணன் என் பட்டியலைப் பார்த்துத்தான் அன்றைக்குப் பாரைத் திறந்தார் என்று. அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். கோபப்படவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

பொறுமையாக விளக்கினார். பார்க்காரர் தப்பென்றால் தனியாள் தப்பு, கொஞ்ச நாள் மூடச் சொல்வார்கள். ஆபீஸ் தப்பென்றால் கிளப்பின் தப்பு, லைசென்ஸே போகும். லைசென்ஸ் போனால் கிளப்பே ஓடாது, இருபத்திரண்டு பேருக்கும் விசா இல்லை. எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, "உனக்கு நவம்பர்தானேம்மா?" என்று மட்டும் கேட்டார்.

நல்ல மனிதர்தான். பானுவுக்கு ஸ்கூலில் இடம் வாங்கிக் கொடுத்ததே அவர்தான். அதனால்தான் எதிர்த்துப் பேச வாய் வரவில்லையா? இல்லை, நவம்பர் என்று கேட்டதாலா?

செப்டம்பர் 12, வெள்ளி

அன்பரசனிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நீ போயிச் சொன்னா அவரை விட்டுருவாங்களா? சேத்து உன்னையும்ல அனுப்புவாங்க" என்றார். அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டு இன்று முழுக்க ஓட்டினேன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

அண்ணனைக் கிச்சனில் பாத்திரம் கழுவப் போட்டிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் ஈரக்கையோடு வந்தார். "பயப்படாத தங்கச்சி, நீ எழுதிக் குடுத்த சீட்டு எங்கிட்ட பத்திரமா இருக்கு. அதைக் காமிச்சாப் போதும், விட்டுருவாங்க."

செப்டம்பர் 23, செவ்வாய்

இன்று பலதியா கவுன்சிலில் விசாரணை. ஃபைல்களைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். நீளமான மேஜைக்குப் பின்னால் மூன்று உறுப்பினர்கள். பக்கத்தில் அவர்களுடைய குமாஸ்தா கலீல் ரஹ்மான், ஹைதராபாத்காரர், அரபியையும் இந்தியையும் மாற்றி மாற்றிச் சொல்வதற்கு. எனக்கும் சாருக்கும் நாற்காலி போட்டார்கள். அண்ணனுக்கு இல்லை, கதவோரம் நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, மேல் பொத்தான் வரை போட்டிருந்தார்.

நீதான் ஊற்றினாயா என்று கேட்டார்கள். ஆமாம் என்றார். ஏன்? அதற்காகத்தானே காத்திருந்தார் மனிதர். பையிலிருந்து பட்டியலை எடுத்து, இரண்டு கையாலும் மேஜையில் வைத்துவிட்டுத் திரும்பக் கதவோரம் போய் நின்றார். நாலு மூலையிலும் பார்ச் சுவரில் ஒட்டியிருந்த செலோடேப் அப்படியே இருந்தது.

தலைவர் அதை எடுத்தார். தலைகீழாகப் பிடித்திருந்தார். இது என்ன என்று அரபியில் கேட்டார். சாருக்கு இருபத்தைந்து வருட அரபி, உடனே பதில் சொல்லிவிட்டார். அது புரிய எனக்குத் தெரிந்த அரபி போதுமானதாக இருந்தது. பாருக்கு வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியல் என்றார்.

கலீல் ரஹ்மான் என் பக்கம் குனிந்து மெல்லிய குரலில் ஆங்கிலத்தில் கேட்டார். மேடம், உங்களுக்கும் தமிழ்தானே, சாமான் பட்டியல்தானா இது?

தலையாட்டினேன்.

யாரும் என் கழுத்தைப் பிடித்து ஆட்டவில்லை. சார் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நானேதான் ஆட்டினேன். பானு, நவம்பர், இருபத்திரண்டு பேர், இதெல்லாம் வெளியே வந்த பிறகு யோசித்தது. அந்த நேரத்தில் ஒன்றுமே யோசிக்கல, சும்மா ஆடிருச்சு தல.

வராந்தாவில் அண்ணன் கேட்டார், "படிச்சாங்களா தங்கச்சி?" பாத்ரூம் போகிறேன் என்று நகர்ந்துவிட்டேன்.

செப்டம்பர் 25, வியாழன்

தீர்ப்பு வந்துவிட்டது. கிளப்புக்கு அபராதம், பார் முப்பது நாள் மூடல். ஊற்றிய ஆள் இனி இந்த நாட்டில் மது விற்கும் எந்த இடத்திலும் வேலை செய்யக் கூடாது. அண்ணனின் விசாவை ரத்து செய்யும் ஃபாரத்தை டைப் அடித்தது யார் என்று எழுதத் தேவையில்லை.

சார் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

செப்டம்பர் 28, ஞாயிறு

தூக்கமே இல்லை. நடந்ததை அப்படியே ஆங்கிலத்தில் கடிதமாக எழுதி, சாரிடம் பல்வலி என்று பொய் சொல்லிவிட்டு, கலீல் ரஹ்மானிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். நின்றுகொண்டே படித்தார். இரண்டாம் முறையும் படித்தார்.

கலாஸ், ஃபைல் மூடியாச்சு என்றார். மேல்முறையீடு என்றால் கிளப்தான் போட வேண்டும், தனியாளுக்கு மாஃபி, கிடையவே கிடையாது. மடித்துத் திருப்பிக் கொடுக்கும்போது இந்தியில் சொன்னார், அன்றைக்கு உங்களைக் கேட்டேனே மேடம்.

கேட்டார். கேட்டாரே.

அக்டோபர் 9, வியாழன்

அண்ணன் போய்விட்டார். மதியம் வண்டி வருவதற்கு முன்னால் அவர் ரூமுக்குப் போனேன். பெட்டியைக் கட்டிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"கேக்கலாமா வேண்டாமான்னு இருந்தேன் தங்கச்சி. அந்தச் சீட்டுல தேதிய நாந்தான் தப்பாப் படிச்சுட்டனா? அவங்க அதைப் பாத்துட்டுத்தானே என் தப்புன்னாங்க."

இரண்டு வாரமாக அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

"இல்லண்ணே. நான் எழுதுனதே தப்பு. அங்க யாரும் படிக்கவே இல்ல. சாமான் லிஸ்ட்டுன்னு சார் சொன்னாரு. என்னையக் கேட்டாங்க, நானும் தலையாட்டிட்டேன்."

பெட்டியின் ஜிப்பை ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

"அப்ப கண்ணு நல்லாத்தான் இருக்கு" என்றார். "கண்ணு போச்சோன்னு பயந்துகிட்டுக் கெடந்தேன்."

திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை. அவர் பேரப்பிள்ளைகளுக்காக வாங்கிப் போயிருந்த சாக்லேட் பையை நீட்டினேன். "வேணாம்" என்றார். வாய்க்கு வாய் தங்கச்சி என்பவர், அந்த ஒரு சொல்லோடு நிறுத்திக்கொண்டார். பையை வீட்டுக்குத் தூக்கி வந்தேன். பானு எனக்கா என்று கேட்டாள். அலமாரிக்கு மேலே வைத்துவிட்டேன்.

அக்டோபர் 27, திங்கள்

பார் திறந்துவிட்டது. சுவருக்கு வெள்ளையடித்திருக்கிறார்கள்.

நவம்பர் 16, ஞாயிறு

விசா புதுப்பித்தாகிவிட்டது, இரண்டு வருடத்துக்கு. சார் முதுகில் தட்டிக் கொடுத்தார். அன்பரசன் கேசரி கிண்டினார். சாப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது.

புதிதாக வந்திருக்கும் பார்க்காரர் அருள்ராஜ், தூத்துக்குடிப் பக்கம். ஆபீஸுக்கு வந்து பார் மூடும் நாட்கள் பட்டியல் கேட்டார். பலதியா சுற்றறிக்கையை அப்படியே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். தலையைச் சொறிந்தார். "தமிழ்ல எழுதித் தாங்கக்கா. ஒங்க எழுத்து அச்சு மாதிரி இருக்கும்னாங்களே."

யார் சொன்னது என்று கேட்டேன். கிச்சன்ல எல்லாரும்தான், பழைய அண்ணாச்சி அப்படித்தான் சொல்லுவாராம் என்றார்.

சுற்றறிக்கையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு தேதியையும் மூன்று முறை சரிபார்த்தேன். பெரிய எழுத்தில் தமிழில் எழுதினேன். அதற்குக் கீழே அதையே ஆங்கிலத்திலும் எழுதினேன். ஆங்கிலம் எதுக்குக்கா என்றார் அருள்ராஜ். இருக்கட்டும் என்றேன்.

கடைசியில், எழுதியவர் சந்தியா, ஆபீஸ் என்று இரண்டு மொழியிலும் போட்டு, கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன்.