மூன்று ஊர் சுற்றிய உறை

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் இரண்டு பேரும் சுகம், அப்பாவின் இடது முழங்கால் மட்டும் எங்களோடு சேராமல் தனியாக முனகிக்கொண்டிருக்கிறது. நீயும் மாப்பிள்ளையும் சௌக்கியம்தானே. போன வாரம் போனில் இருமினாயே, நின்றதா. வெந்நீர் குடி, குடிக்கிறேன் என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்காதே.

போனில் சொன்னால் சிரித்தே பாதியைக் கேட்கமாட்டாய், அதனால்தான் எழுதுகிறேன். அப்பாவுக்கு ஒரு வெப்சைட் காட்டிக்கொடுத்துவிட்டுப் போனாய் இல்லையா, எங்கெங்கோ ஏலம் போன ஸ்டாம்பையெல்லாம் படத்தோடு போட்டு வைத்திருக்கிறார்களே, அதிலிருந்து மனுஷனை எழுப்ப முடியவில்லை. காலையில் உட்கார்ந்தால் காபி ஆறி ஆடை கட்டுகிற வரைக்கும் ஊர் பெயரும் வருஷமும் போட்டுத் தேடிக்கொண்டே இருப்பார். கேஸ் தீர்ந்துபோச்சு என்றால், எந்த வருஷம் என்று கேட்கிறார். இந்த மாசம் முதல் செவ்வாய்க்கிழமை, தான் சர்வேயராக இருந்த அந்த அணைக்கட்டு ஊரையும் நீ பிறந்த வருஷத்தையும் போட்டார். நாற்பத்தொரு படம் வந்தது. நான் பக்கத்தில் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் ஸ்டாம்பை மட்டும் பெரிசாக்கிப் பார்த்துக்கொண்டே போகிறார், எனக்கோ ஒரு உறை மேல் கண் நின்றுவிட்டது. அது என் கையெழுத்து. அவர் பெயர், அவர் தங்கியிருந்த லாட்ஜ், எல்லாம் நான் எழுதினது. கீழே குறிப்பு: பெறுநர் இடம் மாறியதால் மூன்று ஊர்களுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது, சேரவில்லை, உறை பிரிக்கப்படவில்லை, முகவரி சுமாரான கையெழுத்தில். இருபத்தெட்டு வருஷம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போட்ட கை இது. சுமாராம்.

அது என்ன கடிதம் தெரியுமா. நீ பிறந்த ஒன்பதாம் நாள் கட்டிலில் சாய்ந்துகொண்டே, இரண்டு பெயர் எழுதி, எதை வைக்கலாம் சீக்கிரம் சொல்லுங்கள் என்று கேட்ட கடிதம். ஒரு மாசம் பார்த்தேன், பதில் இல்லை, எனக்குப் பிடித்ததை வைத்துவிட்டேன். அன்றிலிருந்து முப்பத்தாறு வருஷமாக, வீட்டுக்கு யார் வந்தாலும், பெண்ணுக்குப் பெயர் வைக்க என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை என்று அவர் சொல்வதும், கேட்டு எழுதினேன் என்று நான் சொல்வதும், எழுதியிருந்தால் வந்திருக்குமே என்று அவர் சொல்வதும்தான் வழக்கம், உன் கல்யாணத்தில் சம்பந்தி முன்னாலேயும் நடந்தது. கத்தியைக் கீழே வைத்துவிட்டு, இப்போ என்ன சொல்றீங்க என்றேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மூன்று முத்திரையையும் விரல் வைத்துப் படித்தார். கடிதம் அவர் போன ஊருக்கெல்லாம் பின்னாலேயே போய், ஒவ்வொரு தடவையும் அவர் கிளம்பின பிறகு சேர்ந்திருக்கிறது. இடம் மாறினதை எனக்கு எழுதாதது தப்புதான் என்று ஒத்துக்கொள்ள மதியச் சாப்பாடு வரைக்கும் ஆச்சு. உடனே, பின்பக்கம் உன் முகவரியை எழுதாதது யாராம் என்று கேட்டார். அதை உனக்கு எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அப்புறம் மெதுவாக, பாவம், எத்தனை நாள் வாசலைப் பார்த்திருப்பே என்றார். அதைக் கேட்டதும் என் கோபம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், குறைந்தது.

ஏலக் கம்பெனிக்கு எழுதிப் போட்டோம். உறையை வாங்கினவர் ஒரு பல் டாக்டர், அவரே பதில் போட்டார். பிரிக்காமல் இருப்பதுதான் அதன் மதிப்பே, தர மனசில்லை, மன்னிக்கணும், ஆனால் உள்ளே இருப்பது நல்ல சேதியா கெட்ட சேதியா என்று மட்டும் சொல்ல முடியுமா, கிளினிக் சுவரில் மாட்டி பதினொரு வருஷமாக யோசிக்கிறேன் என்று. நல்ல சேதிதான், பெண் குழந்தை, மூன்று கிலோ என்று எழுதினேன்.

அப்பா அந்த இரண்டு பெயரையும் என்னிடம் கேட்டு ஒரு தாளில் குறித்துக்கொண்டார். நேற்று தபாலில் எனக்கு ஒரு கடிதம், தெருமுனைத் தபாலாபீஸில் போட்டது. உன் கடிதம் விவரம் அறிந்தேன், பதில் தாமதத்துக்கு மன்னிக்கவும், இரண்டாவது பெயரையே வைக்கவும் என்று எழுதியிருக்கிறார். உனக்கு வைத்தது முதலாவது.

நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்கணும், என் ஆசி எப்போதும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை அப்பா போன் பண்ணி வேறு யாரோ ஒரு பெண் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் ராங் நம்பர் என்று வைத்துவிடாதே. சொல்லுங்கப்பா என்று சொல்.

உன் அம்மா