வாரேனுங்க

12 ஆகஸ்ட் 2001, ஞாயிறு

நசீருக்கு எந்த ஒயர் எங்கே போகும் என்று இன்றுவரை தெரியாது. வளப்பூரில் என் வீட்டு அறைதான் எங்கள் ஸ்டூடியோ. மைக் வைப்பது, சத்தம் அளப்பது, பதிவது எல்லாம் நான். பாட வருகிறவர்களோடு உட்கார்ந்து பாட்டைத் தேற்றுவது அவன்.

இன்று பூங்கொடி தன் குழுவோடு வந்திருந்தார். பாட்டு அவரே கட்டியது. மரத்தின் மேல் மிளகு பறிக்கும் கணவன் கூப்பிட, கீழே இருந்து மனைவி பதில் சொல்கிறாள். ஒத்திகையில் சொக்கிப்போனேன். மைக் முன்னால் நின்றதும் பாட்டில் உயிரே இல்லை. மைக்கைத் தள்ளி வைத்தேன், கிட்டே வைத்தேன், ஜன்னலில் போர்வை தொங்கவிட்டேன். ஒன்றும் நடக்கவில்லை.

"எனக்கு வராதுங்க. வேற ஆளப் பாட வெச்சுக்குங்க" என்று அவர் பையை எடுத்துவிட்டார்.

நசீர் கேட்டான். "ஏனுங்கக்கா, ஊட்டுக்காரர் கூப்பிட்டா 'வருகிறேன்'னா சொல்லுவீங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வாரேனுங்கன்னுதான்."

"ஒத்திகையில அப்படித்தானுங்க பாடுனீங்க. மைக்கப் பாத்ததும் எதுக்கு மாத்துறீங்க?"

அத்தனை முறை ஹெட்போனில் கேட்ட எனக்கு அது உறைக்கவே இல்லை.

மறுபடி பாடினார். 'வாரேனுங்க' என்ற இடத்தில் குரல் எகிறி, சத்தம் காட்டும் மீட்டரின் முள் சிவப்புக்குப் போய்விட்டது. வழக்கமாக அங்கேயே நிறுத்திவிடுவேன். கை பொத்தான் வரை போனது. நிறுத்தவில்லை.

அந்த இடத்தில் சத்தம் லேசாகக் கிழிகிறது. சரிசெய்யலாம் என்றுதான் இப்போது உட்கார்ந்தேன். திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டதுதான் மிச்சம். கிழிந்தபடியே இருக்கட்டும்.

நசீரிடம் மட்டும் இதைச் சொல்லப்போவதில்லை.