ஈர அரிசி

சேசு மரி சூசை

பத்தாங் பெர்ஜுந்தை,
மலாயா, மார்ச் 1956

என் ஒரே மகன் ராஃபேலுக்கு அம்மா மாடில்டா ஆசீர்வாதம் சொல்லி எழுதுவது. இங்கே மழையும் நானும் ஒரே மாதிரிதான், நின்றபாடில்லை. மற்றபடி உடம்புக்கு ஒன்றுமில்லை.

உன் கடிதம் வந்தது. சிகாமட்டில் தோட்டத்துக் கேட்டில் காவலுக்கு ஆளைக் குறைத்துவிட்டார்கள், விடிந்தால் லோரி லோரியாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது, சார்ஜன் காரணமில்லாமல் கத்துகிறார், தலை வெடித்துவிடும்போல் இருக்கிறது என்று எழுதியிருந்தாய். மீசை முளைத்த கையோடு துப்பாக்கியைக் கொடுத்து வாசலில் நிறுத்தினால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

எனக்கும் வேலை மாறிவிட்டது. இனிமேல் நம் தோட்டத்து லயத்தில் யார் வீட்டிலும் அரிசி இருக்கக் கூடாது, உலை வைக்கக் கூடாது. காட்டுக்குள் ஒளிந்திருந்து சண்டை போடுகிற கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடிகூடப் போய்விடக் கூடாதாம். முள்கம்பி வேலிக்கு வெளியே, காவல்காரர் கண் படும்படி கேட்டை ஒட்டி ஒரு கொட்டகை போட்டு, எல்லாருக்கும் அங்கேதான் சமையல். ஆபீஸில் கணக்கெழுதுகிற பெரிய கிராணி சிவானந்தம் என்னைக் கூப்பிட்டு, "கோயில் திருநாளுக்கு ஆக்கிப் போட்ட கைதானே மாடில்டா, ஒன்ன விட்டா யாரு இருக்கா?" என்றார். ரப்பர்க் காட்டில் பால்மரம் வெட்டப் போவதைவிட இது நிழலான வேலை என்று நானும் ஒத்துக்கொண்டேன். கூட கங்காவும் சின்னத்தாயும் இருக்கிறார்கள். சின்னத்தாயை உனக்குத் தெரியும், போன வருஷம் காய்ச்சலில் செத்துப்போன செல்லனின் பெண்சாதி. அவளுடைய குழந்தை கலாவதி இப்போதுதான் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

நீ நிதானம் இழக்காமல் இருப்பது எப்படி என்று கேட்டிருந்தாய். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கத்தினால் உலை சீக்கிரம் கொதிக்காது, அதனால் நான் கத்துவதில்லை. அரிசி களையும்போது "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே" என்று செபம் சொல்லிக்கொண்டே களைவேன். கையில் இருக்கிற வேலை முடியாமல் அடுத்த வேலையை மனசுக்குள் விடமாட்டேன். நீயும் ஒரு லோரியைப் பார்க்கும்போது அந்த ஒன்றை மட்டும் பார். பின்னால் நிற்பவை நிற்கட்டும்.

வேளைக்குச் சாப்பிடு. மழையில் நனைந்த பூட்ஸோடு தூங்காதே.

உன் சுகத்துக்காகத் தினமும் செபமாலை சொல்லும்,
அம்மா.


சேசு மரி சூசை

பத்தாங் பெர்ஜுந்தை,
ஜூன் 1956

அன்பு மகன் ராஃபேலுக்கு,

உனக்குப் பதில் எழுதத் தாமதமானதற்குக் கோபித்துக்கொள்ளாதே. பேனா பிடிக்கிற விரலில் கஞ்சி தெறித்துக் கொப்புளம். இப்போது ஆறிவிட்டது.

ஆற்றோரத்தில் இருந்த மேல் டிவிஷன் லயத்தைக் காலி செய்து, அந்த ஜனங்களையெல்லாம் நம் வேலிக்குள் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். ஒரே லயத்துக்குள் இரண்டு லயம். தண்ணீர்க் குழாயில் சண்டை, கக்கூசில் சண்டை. சோறு மட்டும் அதே கொட்டகையில். இன்னும் இரண்டு பேர் வேண்டும் என்று கிராணியிடம் கேட்டேன். அவர் துரையிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். மறுநாள், இருந்த கங்காவையும் பால்மரத்துக்கு அனுப்பிவிட்டார்கள். "மூணு பேரு இதுவரைக்கும் நல்லாத்தானே செஞ்சீங்க, ரெண்டு பேரு கொஞ்சம் சுறுசுறுப்பா செஞ்சா ஆகாதா?" என்கிறார் கிராணி. கொட்டகையில் ஒரு நாள் நின்று பார்க்கச் சொல்லியிருப்பேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

அண்டா பெரிதாகிவிட்டது, ஆள் குறைந்துவிட்டது. அதனால் விடியுமுன் ஆக்கி வைத்தால்தான் பால்மரம் வெட்டுகிறவர்கள் திரும்பி வருகிற நேரத்துக்கு எல்லாருக்கும் கிடைக்கும். இந்தப் புழுக்கத்தில் சோறு அதற்குள் நூல் விட ஆரம்பித்துவிடுகிறது. போன வாரம் மேல் டிவிஷன் இருசப்பன் வாங்கிய சோற்றை என் காலடியிலேயே கொட்டிவிட்டார். "இத நாய்க்குப் போட்டா நாயே நம்மளக் கடிக்கும். வெயில்ல ஒழைச்சிட்டு வந்து இதயா திங்கறது?" என்று சத்தம் போட்டார். வரிசையில் நின்ற எல்லாரும் என்னையே பார்த்தார்கள். நான் விளக்குமாற்றை எடுத்துக் கூட்டித் தள்ளிவிட்டு, அடுத்த ஆளின் தூக்குச்சட்டியை வாங்கினேன். அவர் சொன்னதில் பொய் இல்லை. செகிஞ்சான் பக்கம் கண்ணுக்கெட்டிய தூரம் நெல் விளைகிறது. இங்கே நாங்கள் ஊசின சோற்றுக்கு வரிசையில் நிற்கிறோம்.

சின்னத்தாய் பாவம், இரண்டு ஆள் வேலை செய்கிறாள். கலாவதிக்கு வயிற்றுப்போக்கு, குழந்தை வற்றிப் போய்விட்டது. எங்கள் சோறு அதற்கு ஆகவில்லை, வாந்தி எடுக்கிறது. அவ்வப்போது சூடாகக் கஞ்சி காய்ச்சிக் கொடுங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எதைக் காய்ச்சுவது? கொட்டகையில் ஒரு சின்னப் பானை தனியாக வைத்துக்கொள்கிறோம் என்று கிராணியிடம் கேட்டேன். தனிப் பானைக்கு உத்தரவு இல்லையாம். மத்தியானம் எடுத்துப் போகிற கஞ்சித் தண்ணீர் சாயந்திரத்துக்குள் புளித்துவிடுகிறது.

அங்கே உனக்கும் வேலை குறையவில்லை என்று தெரிகிறது. பொறுமையாக இரு என்று எழுதத்தான் கை வருகிறது. வேறு எதை எழுதுவேன்.

உன்னை நினைத்துக்கொண்டே இருக்கும்,
அம்மா.


சேசு மரி சூசை

பத்தாங் பெர்ஜுந்தை,
செப்டம்பர் 1956

அன்பு மகன் ராஃபேலுக்கு,

நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். ரப்பர்ப் பால் வாளியின் அடியில் அரிசியை ஒளித்துக்கொண்டு போன ஒரு பெண்ணை நீ பிடித்ததையும், பெரிய அதிகாரி வந்து உன் தோளில் தட்டிக்கொடுத்ததையும் எழுதியிருந்தாய். எவ்வளவு வேலை நெருக்கினாலும் அம்மா சொன்னபடி ஒவ்வொரு வாளியாக நிதானமாகப் பார்த்தேன், அதனால்தான் கண்ணில் பட்டது என்றும் எழுதியிருந்தாய். சந்தோஷப்படுவேன் என்று நினைத்திருப்பாய். நீ தப்பாக எதுவும் செய்யவில்லை. உன் வேலையைத்தான் செய்தாய். இங்கே நடந்ததை எழுதுகிறேன், படி.

ஆகஸ்டில் ஒரு நாள் கலாவதி கண்ணைத் திறக்கவே இல்லை. சின்னத்தாய் அடுப்புக்குள் விறகைத் தள்ளிக்கொண்டே இருந்தாள். அரிசி மூட்டையைக் கிராணி நிறுத்துக் கொடுப்பார். அண்டாவில் போடும்வரை காவல்காரர் ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்பார். அவர் பீடி பற்றவைக்கத் திரும்பிய நேரத்தில், களைந்துகொண்டிருந்த அரிசியில் ஒரு பிடியை அள்ளி நானே அவளுடைய மடியில் வைத்தேன். "அக்கா, வேணாம்" என்றாள். "புள்ளயப் பாரு, போ" என்றேன்.

களைந்த அரிசி. தண்ணீர் வடிந்திருக்கவில்லை. எனக்கு அது தோன்றவில்லை.

கேட்டில் பெண்களைச் சோதிக்கிற பெண்ணுக்கு இப்போது இரண்டு தோட்டம். அன்று அவள் இன்னொரு தோட்டத்தில் இருந்தாள். கேட்டில் நின்றது தங்கராஜு, உன்னைப் போலவே ஸ்பெஷல் காவல் வேலைக்கு வந்த பையன், ஈஜோக் பக்கத்தவன். ஆள் இல்லாததால் இராக் காவலை முடித்துவிட்டு அப்படியே பகலுக்கும் நின்றுகொண்டிருந்தான். கண் இரண்டும் சிவந்திருந்தன. தினமும் எங்கள் கொட்டகையில் சாப்பிடுகிறவன், சின்னத்தாயை அக்கா என்றுதான் கூப்பிடுவான். மற்ற நாளாக இருந்தால் கண்டும் காணாமல் விட்டிருப்பானோ என்னவோ. அன்று பக்கத்தில் இன்ஸ்பெக்டர் நின்றுகொண்டிருந்தார். அவளுடைய சேலையில் மடி நனைந்து, வெள்ளையாகத் தண்ணீர் இறங்கியிருந்தது. இன்ஸ்பெக்டர் அதைக் கையால் காட்டினார். தங்கராஜு, "அக்கா, அவுத்துக் காட்டுங்க" என்றான். அரிசி மண்ணில் விழுந்தது.

நான் ஓடினேன். ராஃபேல், இத்தனை மாதம் காத்துவைத்த நிதானமெல்லாம் அன்றைக்குப் போய்விட்டது. கரண்டியும் கையுமாக இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்று, அள்ளிக் கொடுத்தது நான், என்னைப் பிடித்துக்கொண்டு போங்கள், இவளுக்குக் குழந்தை சாகக் கிடக்கிறது என்று கத்தினேன். கிராணி அதை மலாய் பாஷையில் சொன்னார். இன்ஸ்பெக்டர் என்னையும் பார்த்தார், பின்னால் புகைந்துகொண்டிருந்த கொட்டகையையும் பார்த்தார். ஏதோ சொல்லிச் சிரித்தார். கிராணி என் பக்கம் திரும்பினார். "ஒன்னையும் லோரில ஏத்திட்டா நாளைக்கு இத்தன பேருக்கும் யாரு சோறாக்குறது? போ, அடுப்பப் பாரு. அடி பிடிக்குது."

லோரி போகும்வரை சின்னத்தாய் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நான் போய் அடுப்பைப் பார்த்தேன்.

கோல சிலாங்கூர் கோர்ட்டில் அவள் கேஸ் வந்தபோது சாட்சி சொல்லப் போக லீவு கேட்டேன். மாற்று ஆள் இல்லை என்றார்கள். அவளுக்கு ஜெயில் கொடுத்துவிட்டார்கள். கோலாலம்பூரில் இருக்கிறாளாம். எத்தனை நாளைக்கு என்று ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள்.

கலாவதி பிழைத்துவிட்டாள். கங்கா ஓடிப்போய் ஆஸ்பத்திரியில் சண்டை போட்டு ஊசி போடவைத்தாள். இப்போது குழந்தை என்னிடம்தான் இருக்கிறது. அடுப்புப் பக்கம் தவழ்ந்து வந்துவிடாமல் இருக்க இடுப்பில் பழைய சேலையைக் கட்டித் தூணில் முடிந்து வைத்திருக்கிறேன். அங்கேயே உட்கார்ந்து விறகுப் பட்டையை உரித்து விளையாடும். என்னை அம்மா என்கிறது. நான் திருத்துவதில்லை.

சின்னத்தாய்க்குப் பதிலாக இன்னும் யாரையும் போடவில்லை. போன வாரம் துரை கொட்டகைக்கு வந்தார். சத்தமில்லாமல் எல்லாம் நடக்கிறதைப் பார்த்துவிட்டு ஏதோ சொன்னார். "ஒன்ன மாதிரி பொறுமைசாலி இந்தத் தோட்டத்துலயே இல்லன்னு தொர சொல்றாரு" என்றார் கிராணி. அவர்கள் போன பிறகு தெரிந்தது, காவல்காரர்களுக்குக் காலைப் பசியாறலும் இனிமேல் நான்தான் செய்ய வேண்டுமாம்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். அன்றைக்குச் சோற்றைக் கொட்டினாரே இருசப்பன், அவர் இப்போது வேலை முடிந்து வந்ததும் கோடாலியை எடுத்து விறகு பிளந்து போட்டுவிட்டுப் போகிறார். நான் கேட்கவில்லை.

தங்கராஜு சில நாள் சாப்பிடவே வரவில்லை, கடையில் ரொட்டி வாங்கித் தின்றான். அப்புறம் ஒரு நாள் கடைசி ஆளாக வந்து நின்று, "நான் என்னக்கா செய்ய முடியும், சொல்லுங்க" என்றான். தட்டில் சோற்றைப் போட்டேன். அதுவும் என் வேலைதானே.

ராஃபேல், முன்பு நான் உனக்குச் சொன்னது புத்தி என்றுதான் நினைத்திருந்தேன். கையில் இருக்கிறதை மட்டும் பார், பின்னால் நிற்பதைப் பார்க்காதே என்று. பின்னால்தான் மனுஷர்கள் நிற்கிறார்கள். நாம் நிதானமாக இருக்க இருக்க, இன்னும் தாங்குவார்கள் என்று மேலே ஒன்றை ஏற்றுகிறார்கள். உன் தோளில் தட்டுகிறார்கள், என்னைப் பொறுமைசாலி என்கிறார்கள்.

நீ பிடித்த பெண்ணின் பேரை எழுதவில்லை. அவள் பேர் என்ன? பிள்ளை இருக்கிறதா? இருந்தால் அது யாரிடம் இருக்கிறது? விசாரித்து எனக்கு எழுது. இதைச் செய்ய உனக்கு எவர் உத்தரவும் வேண்டாம்.

கிறிஸ்துமஸுக்கு லீவு கிடைத்தால் வா. உனக்கு ஆக்கிப்போட வீட்டில் ஒரு மணி அரிசி கிடையாது, எல்லாரோடும் வரிசையில் நின்று என் கையால் வாங்கிச் சாப்பிட வேண்டியதுதான். வரும்போது காக்கிச் சட்டையோடு மட்டும் வந்துவிடாதே, ராசா. அதைக் கண்டால் குழந்தை என் முந்தானைக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு நடுங்குகிறது. அது உன்னைப் பார்த்து நடுங்குவதை நான் பார்க்க வேண்டாம்.

உன் இரண்டு கைகளையும் தேவமாதா காப்பாற்றட்டும்.

உன் அம்மா
மாடில்டா.